முளைவிட்ட பயறு

கிருஷ்ணவேணி அண்ணியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "பாவம், புள்ள இல்லாதவ." கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு ஏன் பிள்ளை இல்லை என்று அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. அதில் என் கையும் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பூவம்மாள், அவளுடைய நாத்தனார். என் அண்ணன் தணிகாசலத்துக்கு அவளைக் கட்டிக்கொண்டு வந்தது அறுபத்தொன்றில். அய்யம்பேட்டைப் பெண். வயது பத்தொன்பது. எனக்கு அப்போது பன்னிரண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் ஒரு தறி. கோர்வைச் சேலைதான் நெய்வோம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போக வேண்டும். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அண்ணன் நடுவில் உட்கார்ந்து நெய்வான். பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவை, கரை நூல் சுற்றிய கட்டையை, எறிய வேண்டும். அதுவரை அம்மா எறிந்துகொண்டிருந்தாள். அண்ணி வந்த மூன்றாம் மாதமே அந்த இடம் அவளுக்குப் போயிற்று. அப்படி ஒரு கை அவளுக்கு.

எங்கள் வீட்டில் விலக்கான பெண் தறிப்பக்கம் வரக் கூடாது. மூன்று நாள் பின்கட்டில் தனிப்பாய், தனித்தட்டு. அந்த மூன்று நாளும் தறி நிற்கும். அண்ணிக்கு மட்டும் ஒரு மாதம், இரண்டு மாதம், சில சமயம் நாலு மாதம்கூட விலக்கு வராது. முதலில் அம்மா, "எம் மருமவ முழுகாம இருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, குங்குமப்பூ வாங்கிப் பாலில் போட்டுக் கொடுத்தாள். நாலாம் மாதம் விலக்கு வந்துவிட்டது. அப்புறம் இன்னொரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. மூன்று முறை மூக்குடைபட்ட பிறகு அம்மா பேச்சை மாற்றிக்கொண்டாள். "எம் மருமவ வந்ததுலேருந்து எங்க தறி நின்னதே இல்லம்மா. அவ கை ராசி அப்படி" என்று தண்ணீர்க் குழாயடியில் பெருமை பேசுவாள். உடம்பில் ஏதோ கோளாறு என்று சொல்லி வைத்தியரிடம் கூட்டிப்போக வேண்டிய விஷயத்தை நாங்கள் வரம் என்று கொண்டாடினோம். புத்தி கெட்ட ஜன்மங்கள்!

ஒருநாள் மத்தியானம் குளியல் மறைப்புக்குப் பின்னால் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கையில் முள் எடுக்கிற சாமணம், இன்னொரு கையில் உடைந்த கண்ணாடித் துண்டு. தாடையில் முளைத்த ரோமத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். அங்கங்கே ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத பூவு. ஒங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. மஞ்ச பூசிக்கினுதான் இருக்கேன், அது பாட்டுக்கு வந்துக்கினே இருக்குது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கண்ணாடியை நான் பிடிப்பேன். அவள் எட்டாத இடத்தில் நானே பிடுங்கி விடுவேன். வலிக்கும்போது என் முழங்காலைப் பற்றிக்கொள்வாள். எனக்கு அக்காள் தங்கை கிடையாது. அவள்தான் எனக்கு எல்லாம்.

ஏழு வருஷம் போயிற்று. உடம்பு பெருத்தது, வயிறு பெருத்தது, பிள்ளை மட்டும் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? குழாயடியில் அம்மாவைப் பார்த்தே கேட்க ஆரம்பித்தார்கள். அம்மாவின் பெருமை அவிந்து, அது அப்படியே அண்ணி மேல் கோபமாகத் திரும்பியது. "தின்னு தின்னு ஊதிக்கினு இருக்கா, ஒரு புழு பூச்சி உண்டா?" என்று அண்ணி காதில் விழும்படியே சொல்வாள்.

எங்கள் தெருவுக்கு வருகிற சர்க்கார் நர்சம்மாதான் அண்ணியைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக்கொடுத்தாள். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டருக்கு. அறுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் அண்ணன், அண்ணி, நான் மூவரும் போனோம். எட்டு நாள் வார்டில் வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் முழுக்க அவள் போகிற மூத்திரத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் பெரிய கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைக்கச் சொன்னார்கள். அதில் ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பார்களாம். அந்தப் புட்டியை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அண்ணி துண்டு போட்டு மூடிக்கொண்டு கூசிக் குறுகி நடந்தது கண்ணிலேயே நிற்கிறது. இன்னொரு நாள் வயிற்றுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். ராத்திரி முழுக்கத் தோள்பட்டை வலி என்று முனகினாள்.

டாக்டரம்மா அண்ணியை உட்காரவைத்துப் பேசினாள். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரம் நின்றான்.

"மாசாமாசம் சூல்பையில ஒரு முட்டை பழுத்து வெளியே வரணும்மா. உனக்கு நெறைய முட்டை பாதி பழுத்து உள்ளேயே நின்னுடுது. சூல்பை ரெண்டும் வீங்கி, மேல்தோல் தடிச்சுப் போயிருக்கு. ஆம்பளைங்களுக்குச் சுரக்கிற ஹார்மோன் பொம்பளைங்க எல்லாருக்கும் கொஞ்சம் உண்டு. உனக்கு அது கூடுதலா இருக்கு. அதான் முகத்துல முடி, அதான் உடம்பு பெருக்குது, அதான் மாசம் தவறுது. நீ பண்ணின தப்பு ஒண்ணும் இல்லை."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அண்ணி ஓவென்று அழுதுவிட்டாள். ஏழு வருஷத்தில் அதை ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை, நான் உட்பட.

இப்போது தெருமுனைக்குத் தெருமுனை ஸ்கேன் எடுக்கிறார்கள். என் மகளுக்கே கல்யாணமான புதிதில் இதே கோளாறு. வயிற்றின் மேல் கருவியை வைத்து உருட்டினார்கள். கறுப்புத் திரையில் சூல்பை தெரிந்தது, அதன் ஓரமாகச் சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் வரிசையாக முத்து கோத்த மாதிரி. பத்து நிமிஷம்தான். மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள், அடுத்த வருஷம் பிள்ளை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நான் அழுதபோது மகள் என்னைத் திட்டினாள். அவளுக்கென்ன தெரியும்?

அன்றைக்கு இருந்த வைத்தியம் கத்திதான். இரண்டு சூல்பையிலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துத் தைத்துவிட்டால் பலருக்கு மாதம் சரியாக வரும், பாதிப் பேருக்கு மேல் பிள்ளையும் நிற்கும் என்றாள் டாக்டரம்மா. சத்தியம் பண்ண முடியாது என்றும் சொன்னாள். ஆவணி இருபதாம் தேதிக்குப் படுக்கை ஒதுக்கி, புருஷன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் கொடுத்தாள். கிளம்பும்போது, "இனிமே நாள் தள்ளிப் போச்சுன்னா கர்ப்பம்னு நீயா முடிவு கட்டாதே. பரிசோதிச்சாத்தான் தெரியும்" என்றாள். அண்ணி தலையாட்டினாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்து வைத்து எடுத்தாள்.

வீட்டில் அம்மா குதித்தாள். "வயித்துல கத்தி வெச்சப்புறம் அதுல இன்னா வெளையும்? கொஞ்சநஞ்சம் இருக்கறதும் பூடும்!"

"டாக்டரம்மா படிச்சவங்க, அத்த..." என்றாள் அண்ணி.

"தாயாரவிட ஒசத்தியா அவ? திருப்புட்குழிக்குப் போவலாம். பயறு மொளைச்சா நான் வாயத் தொறக்கல. மொளைக்கலன்னா கத்தி வெச்சும் பிரயோசனம் இல்ல. மாகறல்ல ஒரு பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். தணிகாசலம், இன்னாடா சொல்ற?"

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒன் இஷ்டம்மா" என்றான். வாயில் கொழுக்கட்டை! கட்டினவள் பக்கத்தில் நிற்கிறாள், ஒரு வார்த்தை அவளுக்காகச் சொல்லக் கூடாதா?

திருப்புட்குழிப் பெருமாள் கோயிலில் தாயாரிடம் வேண்டிக்கொள்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளை வேண்டுகிற பெண்கள் குளத்தில் முழுகி, கோயிலில் கொடுக்கிற வறுத்த பச்சைப் பயறை நனைத்துத் துணியில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். விடிந்து பார்க்கும்போது வறுத்த பயறு முளை விட்டிருந்தால் தாயார் பிள்ளை கொடுக்கிறாள் என்று அர்த்தம். அப்படி முளைக்கக் கண்டவர்களும் உண்டு என்பார்கள். எனக்குத் தாயார் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் முளைக்காவிட்டால் அண்ணி கதி என்ன? மாகறல் பெண் வந்துவிடுவாளே! அந்தப் பயத்தில் எனக்கு நாலு நாள் சோறு இறங்கவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்திரம், அம்மா கடைக்குப் போன நேரத்தில், டப்பாவிலிருந்து ஒரு பிடி பச்சைப் பயறை எடுத்து ஊறப் போட்டேன். வறுக்காத பயறு. காலையில் வடித்து ஈரத்துணியில் முடிந்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் கணக்கு இதுதான்: முளைத்ததைப் பார்த்தால் அம்மா மனசு குளிர்ந்துவிடும், மாகறல் பேச்சு நின்றுவிடும், தாயாரே உத்தரவு கொடுத்துவிட்டாள் என்ற தைரியத்தில் மெட்ராஸுக்கும் அனுப்பிவிடுவாள். பத்தொன்பது வயசுப் பெண்ணின் கணக்கு.

அண்ணி குளத்தில் முழுகி நடுங்கிக்கொண்டு வந்தாள். கை உதறியதில் அவளால் முடிச்சுப் போட முடியவில்லை. "நீ கட்டி விடு பூவு" என்றாள். அம்மா புடவை பிழிந்துகொண்டிருந்தாள். அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. கோயில் பயறு என் பைக்குள் போயிற்று, என் பயறு அவள் இடுப்பில் ஏறியது.

விடிந்ததும் அம்மாதான் அவிழ்த்தாள். பயறு அத்தனையும் வெள்ளை வெள்ளையாக வால் விட்டிருந்தது. அம்மா அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். எழுந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு, "என்னப் பெத்த தாயே, ஒன்ன இன்னா பேச்சு பேசிட்டேன்" என்று அழுதாள். அண்ணி அழவில்லை, சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் தெரிய, தாடையை மறைக்க மறந்து சிரித்தாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை அதற்கப்புறம்தான். ஆவணி நெருங்கியபோது நான் மெதுவாக மெட்ராஸ் பேச்சை எடுத்தேன். அம்மா, "தாயாரே குடுக்கறேன்னுட்டா, இனிமே கத்தி எதுக்கு?" என்றாள். அண்ணனும் ஒரு அலைச்சல் மிச்சம் என்று தறியில் உட்கார்ந்துவிட்டான். சரி, அண்ணியாவது கேட்பாள் என்று அவளிடம் போனேன்.

"அண்ணி, போய்ட்டு வந்துடலாமே. டாக்டரம்மா காத்துக்கினு இருப்பாங்க."

"எதுக்கு பூவு? எனக்கு முன்னாலயே கத்தின்னா பயம். கதி இல்லாமதான் ஒத்துக்கினேன். இப்ப தாயாரே சொல்லிட்டாங்க. மறுபடி டாக்டர்கிட்ட போனா நம்பாத மாதிரி ஆவாதா?"

நான் என்ன செய்ய? உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் அம்மா அவளை அய்யம்பேட்டைக்கு மூட்டை கட்டி அனுப்புவாள். சொல்லாவிட்டால் தேதி போய்விடும். அம்மாவிடம் மறுபடியும் வாதாடினேன். தாயாரை நம்பாத வாய் என்று என் வாயிலேயே அறைந்தாள். ஆவணி இருபது வந்தது. அண்ணி நாடா எறிந்துகொண்டிருந்தாள். நான் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். அந்தத் தேதி போயே போயிற்று.

ஐப்பசியிலிருந்து அண்ணிக்கு விலக்கு வரவில்லை. டாக்டரம்மா சொல்லி அனுப்பியது எனக்கு ஞாபகம் இருந்தது. அண்ணியிடம் சொன்னேன். "அது அப்போ, பூவு" என்று என் வாயை மூடிவிட்டாள். மருத்துவச்சி துரைக்கண்ணு வந்து வயிற்றை அழுத்திப் பார்த்து, "இருக்குதும்மா, நல்லாவே இருக்குது" என்றாள். அந்தப் பெருத்த வயிற்றில் அவள் எதைக் கண்டாளோ! அண்ணி வாந்தி எடுத்தாள், மாங்காய் கேட்டாள். ஐந்தாம் மாதம் அசைகிறது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, அவளுக்கு அசைந்தது. என் கையை எடுத்து வயிற்றில் வைத்து, "தெரியுதா?" என்று கேட்டாள். தெரிகிறது என்று சொன்னேன். பாவி, நானே ஒரு வேளை தாயார் மன்னித்து நிஜமாகவே கொடுத்துவிட்டாளோ என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. கைநிறையக் கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சோறு, தெருவே சாப்பிட்டது. அதற்குப் பதினோராம் நாள் காலையில் தறியில் உட்கார்ந்திருக்கும்போதே அண்ணிக்கு உதிரம் போக ஆரம்பித்தது. கட்டி கட்டியாக, நிற்கவே இல்லை. நர்சம்மாவைக் கூட்டி வந்தோம். பார்த்துவிட்டு அவள் என்னைத் தனியாக அழைத்து, "இது கர்ப்பமே இல்லம்மா. மாசக்கணக்கா தங்கினது இப்ப போவுது. ஏன் அப்பவே மெட்ராஸ் போவல?" என்று கத்தினாள். அம்மா காதில் அது விழுந்துவிட்டது.

அம்மா வாயிலிருந்து வந்ததையெல்லாம் எழுத எனக்குக் கை வராது. வேஷக்காரி என்றாள், மலடி என்றாள், "தாயார் குடுத்தத கூடக் காப்பாத்த வக்கில்லாதவ" என்றாள். அண்ணி வளையலோடு பின்கட்டில் சுருண்டு கிடந்தாள். அடுத்த தை மாதம் மாகறலிலிருந்து கங்கையம்மாள் வந்தாள், அண்ணனுக்கு இரண்டாம் தாரமாக. அண்ணன் அதற்கும் "ஒன் இஷ்டம்மா" என்றுதான் சொன்னான். வந்த பெண்ணைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வரிசையாக இரண்டு பெற்றாள். அவள் பிள்ளைத்தாய்ச்சியாகவும் விலக்காகவும் இருந்த நாளெல்லாம் அண்ணிதான் கரை நாடாவை எறிந்தாள். அண்ணியை ஏன் வீட்டை விட்டு அனுப்பவில்லை என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கைக்காகத்தான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

எனக்கு எழுபதில் கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டேன். எழுபத்தாறில் மூன்றாவது பிரசவம் சிக்கலாகி மெட்ராஸுக்குக் கொண்டுபோனார்கள். அதே டாக்டரம்மா. தலை நரைத்திருந்தது, என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "உங்க அண்ணி வரவே இல்லையே! இப்போ கத்தியே வேண்டாம்மா, முட்டையை வெளியே கொண்டுவர மாத்திரை வந்திருக்கு. முப்பத்தஞ்சு வயசுக்குள்ள கூட்டிக்கிட்டு வா" என்றாள். அண்ணிக்கு முப்பத்து நாலு. அண்ணன் அவளை முழுக்க ஒதுக்கியும் விடவில்லை, வாரத்தில் இரண்டு நாள் அவள் பக்கம்தான் இருந்தான். எட்டு வருஷப் பாவத்துக்கு ஒரு வழி கிடைத்ததே என்று பச்சை உடம்போடு பிள்ளையார்பாளையத்துக்கு ஓடினேன்.

அண்ணி பின்கட்டில் கங்கையம்மாளின் சின்னவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"வாணாம் பூவு. எனக்கு மாத்திரையும் வாணாம், கத்தியும் வாணாம். தாயார் கண்ணால காட்டினாங்க, நீயும்தான் பாத்த. கொஞ்சம் லேட்டாவுது, அவ்வளவுதான். அத நெனச்சிக்கினுதான் இவ்வளவு நாளு இந்த வூட்ல இருக்கேன். ஒங்க அம்மா இன்னா பேசினாலும் எனக்கு உள்ள போறதே இல்ல. தெனம் காலையில எழுந்தா, இந்த மாசமா இருக்குமோ, அடுத்த மாசமா இருக்குமோன்னு நெனச்சுக்குவேன்."

வேறு எப்படி அவளை மெட்ராஸுக்குக் கிளப்புவது? சொல்லிவிட்டேன். டப்பாவிலிருந்து பயறு எடுத்தது, ஊறப் போட்டது, அவள் முழுகி வந்தபோது மாற்றிக் கட்டியது எல்லாவற்றையும். காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் பையனுக்கு வாயைத் துடைத்து, இறக்கி விட்டாள்.

"அப்போ தாயார் எனக்குன்னு ஒண்ணுமே சொல்லலியா, பூவு?"

இல்லை என்று சொன்னேன்.

"எட்டு வருஷமா இல்லியா?"

மாத்திரைக்காகவாவது வா அண்ணி, நாளைக்கே போகலாம் என்று கெஞ்சினேன். அவள் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு, பின்கட்டின் மூலையில் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உள்ளே தறியிலிருந்து அண்ணன், கரை நாடா எறிய ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். அண்ணி எழுந்திருக்கவில்லை.

மெட்ராஸுக்கு அவள் வரவே இல்லை.